எந்தத் தெரு வரைக்கும் வந்தது பாடம்?

2021 ஜனவரி 16ஆம் தேதி அலங்காநல்லூரில் வாடிவாசல் திறந்தது. முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் வந்து கொடியசைத்தார்கள். டி.வி.க்காரர்கள் காலையிலிருந்து நேரடியாகக் காட்டினார்கள். பள்ளிக்கூட வாசல் திறந்தது மூன்று நாள் கழித்து, 19ஆம் தேதி. அதுவும் பத்தாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் மட்டும். ஒன்றிலிருந்து எட்டு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு நவம்பர் 1 வரை திறக்கவே இல்லை. 2020 மார்ச்சில் மூடியது, பத்தொன்பது மாதம். அந்தப் பத்தொன்பது மாதமும் பள்ளிக்கூடம் போனுக்குள்ள இருக்குன்னு சொன்னார்கள்.

இந்தக் காலத்தின் வரலாற்றைக் கல்வி வியாபாரிகள் ஒரு மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனை லட்சம் சந்தா, எத்தனை கோடி முதலீடு என்று. 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்பு என்று பேசப்பட்ட பைஜூஸ் கம்பெனி, 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது. அந்தக் கதை நமக்கு வேண்டாம். மின்வழிப் பாடம் எங்கே தேறியது, எங்கே தேறவில்லை என்பதைச் சேரியில் நின்று பார்த்தால் வேறு வரலாறு கிடைக்கும். தோழர்கள் அதைத்தான் கேட்க வேண்டும்.

தூரத்திலிருந்து படிப்பது மதுரைப் பக்கத்துக்குப் புதிதல்ல. மதுரைப் பல்கலைக்கழகம் (அப்போது காமராசர் பெயர் சேரவில்லை) 1971இலேயே அஞ்சல்வழிக் கல்வி தொடங்கிவிட்டது. கூலிக்குப் போய்க்கொண்டே பி.ஏ. முடித்தவர்கள் எங்கள் ஆட்களில் உண்டு. நானும் எம்.ஏ. தமிழை அப்படித்தான் படித்தேன். அதில் பாடம் கையில் இருக்கும். கரண்டு வேண்டாம், டவர் வேண்டாம், ராத்திரி பத்து மணிக்குப் பிரிக்கலாம். சந்தேகம் வந்தால் சனி, ஞாயிறு நேரடி வகுப்பில் ஒரு ஆசிரியர் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். அந்த இரண்டும் இருந்ததால் அது நின்றது. ஆனால் அது, எழுதப் படிக்கத் தெரிந்து பள்ளியைத் தாண்டி வந்தவர்களுக்கான ஏற்பாடு. மூணாம் வகுப்புப் பிள்ளையை யாரும் தபாலில் படிக்கவைத்ததில்லை.

கருவிகள் சேரிக்கு வந்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். எங்க தாத்தா சொல்லுவார்: "பஞ்சாயத்து ரேடியோ ஊர் மந்தையில பாடும். நாம இந்தாண்ட களத்துமேட்டுல நின்னுதான் கேக்கணும். காத்து நம்ம பக்கம் அடிச்சா உண்டு." பொதுவில் வைத்த கருவி பொதுவாக இருந்ததில்லை. 2006இல் இலவச கலர் டி.வி. திட்டம் வந்தபோதுதான் திரை எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. இலவசம், சோம்பேறியாக்குது என்று எழுதிய பத்திரிகைகள், எந்த வாசலில் நின்று அதுவரை நாங்கள் டி.வி. பார்த்தோம் என்று எழுதவில்லை. 2011இல் அரசு கேபிள் மாசம் 70 ரூபாய்க்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15இல் மடிக்கணினித் திட்டம். பிளஸ் டூ படித்த எனக்கும் ஒன்று கிடைத்தது. தெருவில் முதல் கணினி அதுதான். சின்னப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றன.

2019 ஆகஸ்ட் 26இல் கல்வித் தொலைக்காட்சி ஆரம்பித்தது. அரசு கேபிளில் 200ஆவது சேனல். ஏழு மாதத்தில் ஊரடங்கு. அப்போது தனியார் பள்ளிப் பிள்ளைக்கு லேப்டாப்பும் தனி அறையும் இருந்தன, எங்கள் பிள்ளைக்குப் பதினாலு வருசப் பழைய டி.வி. இருந்தது. பாதி வீட்டில் அதுவும் படுத்துவிட்டது. போன் இருந்தது, ஆனால் வீட்டுக்கு ஒன்று. கரும்பு வெட்டுக்கோ சித்தாள் வேலைக்கோ பெரியவர்கள் போகும்போது அதுவும் கூடப் போய்விடும். ஏன் வகுப்பில் இல்லை என்று கேட்டதற்கு ஒரு பையன் சொன்னான்: "போன் வேலைக்குப் போயிருச்சுண்ணே."

இது எங்கள் தெருக்கதை மட்டுமல்ல. 2021 ஆகஸ்டில் ழான் திரேஸ், ரீதிகா கேரா முதலியோர் தமிழ்நாடு உட்பட 15 மாநில, ஒன்றியப் பகுதிகளில் வசதியற்ற குடியிருப்புகளில் ஆய்வு செய்தார்கள். கிராமப்புறத்தில் தொடர்ந்து ஆன்லைனில் படித்த தலித், பழங்குடிப் பிள்ளைகள் நூற்றுக்கு 4 பேர். மற்ற பிள்ளைகள் 15. அந்தப் பதினைந்தும் ஒன்றும் பெருமைப்படுகிற கணக்கில்லை.

நாங்கள் சிலர் சாயங்காலம் வேப்பமரத்தடியில் ஒரு போனில் பாடத்தை இறக்கி வைத்து ஓட்டினோம். அஞ்சு நிமிசம் ஓடும், நிறுத்துவோம். "புரிஞ்சுச்சா?" புரியாது. நம்ம பேச்சில் சொல்லிவிட்டுத் திரும்ப ஓட்டினால் புரியும். பாடம் நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் நிறுத்துகிற கை ஒன்று வேண்டியிருந்தது. டி.வி.யில் வந்த வாத்தியாருக்கு எதிரே இருக்கிற முகம் தெரியாதே.

2021 அக்டோபர் 27இல் விழுப்புரம் மாவட்டத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது அந்தக் கைக்கு அரசாங்கமே ஏற்பாடு செய்தது. சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு, ஒரு தன்னார்வலருக்குச் சுமார் இருபது பிள்ளைகள். கார்த்திக் முரளிதரன் குழு தமிழ்நாட்டுக் கிராமங்களில் செய்த ஆய்வில், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. மீண்டதில் சுமார் 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால். ஏழைப் பிள்ளைகள்தான் அதிகம் இழந்தார்கள், அவர்கள்தான் அதிகம் மீண்டார்கள்.

இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். 1894இல் சென்னையில் ஆல்காட் பஞ்சமர் பள்ளி தொடங்கியதும், பிறகு சேரிதோறும் அரிக்கேன் விளக்கில் நடந்த இராப்பள்ளிகளும் இதே வேலையைத்தான் செய்தன. விளக்குதான் மாறியிருக்கிறது. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தந்ததைச் சேவை என்று அழைத்ததையும் நான் ஏற்கவில்லை. கரும்பு வெட்டினால் அதை ரெண்டு நாளில் சம்பாதித்துவிடலாம்.

எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் அப்படி ஒரு அக்கா, காலனிப் பெண், பி.எட். முடித்தவள். வகுப்பை அவள் வீட்டுத் திண்ணையில் வைத்தாள். ஊர்த்தெருப் பிள்ளைகள் வரவில்லை. "பள்ளிக்கூடத்துல வச்சா அனுப்புறோம்" என்றார்கள். அவள் இடம் மாற்றவில்லை. மூணாவது வாரம் ரெண்டு பிள்ளைகள் வந்து கடைசியில் உட்கார்ந்தன. கூட்டிவந்த அப்பத்தா தெருமுனையிலேயே நின்றுகொண்டது. ஏழு மணி வரைக்கும் உட்காரவே இல்லை.