உப்பும் இரும்பும்: காரின் அடியில் ஓடும் ஒரு மெல்லிய குழாயின் வரலாறு

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது எம் முன்னோர் வாக்கு. பனி படிந்த கனடிய வீதிகளில் உப்பிடுவோரையும் நாம் நினைத்தே ஆகவேண்டும். இரவு வேலை முடித்து வரும் தந்தையையும் பாடசாலை செல்லும் பிள்ளையையும் வழுக்காமல் வீடு சேர்ப்பது அந்த உப்பு. அவர்கள் ஏறிச் செல்லும் பழைய காரின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், உயிர்நாடி போன்ற ஒரு குழாயை அரித்துத் தின்பதும் அதே உப்புத்தான். அக்குழாயின் வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதத் தூண்டியது 1990களின் நடுப்பகுதியில் நேர்ந்த ஓர் அனுபவம். ஸ்காபுரோவில் ஒரு மார்ச் மாத இரவு. தொழிற்சாலை வேலை முடிந்து நால்வராகத் திரும்பிக்கொண்டிருந்தோம். கைமாறிக் கைமாறி என்னிடம் வந்த பத்து வயதுக் கார் அது. சந்தியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிறேக்கை மிதித்தேன். மிதி ஒருமுறை இறுகி, பின்னர் தரைவரை போயிற்று. கார் ஓரளவே வேகம் குறைந்தது. கைப்பிறேக்கை இழுத்து, சந்தியின் நடுவில் ஒருவாறு நிறுத்தினேன். குறுக்கே எவரும் வராதது எங்கள் நல்லூழ். இரண்டு வாரமாகவே ஒரு சிவப்பு எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. பழைய காரில் விளக்குகள் எரிவது வழமைதானே என்று நான் அதனைப் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் காரைப் பார்த்தவர், தாயகத்தில் முப்பது ஆண்டுகள் வாகனம் திருத்திய ஓர் அயலவர். காரின் கீழ் படுத்து, பின்பக்கம் செல்லும் குழாயை நகத்தால் சுரண்டினார். அது தூளாகக் கொட்டியது. “தம்பி, எல்லாரும் எஞ்சினைப் பார்த்துத்தான் கார் வாங்குகினம். குனிஞ்சு கீழ பார்க்கிறவன் ஒருத்தனும் இல்லை” என்றார். “அண்ணை, ஊரிலை நாற்பது வருசக் கார் ஓடினதே?” என்று கேட்டேன். “ஊரிலை ஆர் றோட்டிலை உப்புப் போட்டவை?” என்று திருப்பிக் கேட்டார்.

அக்கேள்வியில் ஒரு முழு வரலாறே அடங்கியிருந்தது.

கம்பியிலிருந்து எண்ணெய்க்கு

தொடக்ககாலக் கார்களில் பிறேக் என்பது கம்பியும் கோலும் கொண்டது. மிதியை அழுத்தினால் கோல் இழுபட்டுச் சில்லை இறுக்கும். நான்கு சில்லுகளையும் ஒரே அளவில் இறுக்குவது அதில் அரிது. ஒரு பக்கம் கூட இறுகினால் கார் அப்பக்கம் திரும்பிவிடும்.

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அவ்வழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்பதைப் பிரான்ஸ் நாட்டு அறிஞர் பஸ்கால் 17ஆம் நூற்றாண்டிலேயே விளக்கியிருந்தார். அவ்விதியைக் கார்ப் பிறேக்கில் பயன்படுத்தி 1917இல் காப்புரிமைக்கு முயன்றவர் மல்கம் லொக்ஹீட். தம் தம்பியுடன் விமானம் கட்டிய அதே லொக்ஹீட் குடும்பத்தவர் இவர். 1921இல் நான்கு சில்லுகளுக்கும் எண்ணெய்ப் பிறேக் பூட்டிய டூசன்பேர்க் கார்கள் விற்பனைக்கு வந்தன. அவ்வாண்டு பிரெஞ்சு கிரான்ட் பிறீ ஓட்டப்பந்தயத்தில் வென்றதும் எண்ணெய்ப் பிறேக் கொண்ட டூசன்பேர்க் காரே. 1924இல் கிறைஸ்லர் நிறுவனம் நடுத்தர விலைக் காரிலும் இதனைக் கொண்டுவந்தது. எண்ணெய் கசியும் குறையை அதன் பொறியியலாளர் இறப்பர் வளையங்களால் பெரிதும் நீக்கினர். போர்ட் நிறுவனமோ கம்பியையும் கோலையுமே நம்பி, 1939ஆம் ஆண்டு மாதிரி வரை எண்ணெய்ப் பிறேக்குக்கு மாறவில்லை. குழாய் உடைந்தால் என்ன செய்வது என்ற அச்சம் எண்ணெய்ப் பிறேக்கின் பிறப்பிலிருந்தே கூட வந்தது.

அவ்வச்சம் நியாயமற்றதன்று. இக்குழாயின் வெளிவிட்டம் பொதுவாக 4.75 மில்லிமீற்றர். சுவரின் தடிப்போ 0.7 மில்லிமீற்றர் மட்டுமே. வேகமாக மிதிக்கும்போது அதனுள்ளே ஒரு சதுர அங்குலத்துக்கு ஆயிரம் இறாத்தலுக்கும் மேற்பட்ட அழுத்தம் எழும். இதனைத் தாங்குவதற்கென, செப்புப் பூசிய உருக்குத் தகட்டை இருசுற்றாகச் சுருட்டி, உலையில் சூடாக்கிச் செப்பினாலேயே ஒட்டிய குழாய் உருவாயிற்று. டிற்றோயிற் நகரில் 1920களில் தொடங்கிய பண்டி நிறுவனத்தின் பெயரால் அது இன்றும் அறியப்படுகிறது. அழுத்தத்தைத் தாங்குவதில் அதற்கு நிகரில்லை. அதன் பகை வெளியிலிருந்து வந்தது.

வீதியில் இறங்கிய உப்பு

கார்களுக்குப் பெயர்பெற்ற அதே டிற்றோயிற் நகரின் கீழே, ஏறக்குறைய 1,200 அடி ஆழத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து உப்புச் சுரங்கம் இருக்கிறது. எமது ஒன்ராறியோவின் கோட்ரிச் நகரில் 1866இல் மண்ணெண்ணெய்க்கான மூல எண்ணெயைத் தேடித் துளைத்தவர்கள் கண்டது பாறை உப்பு. அங்கு 1959இல் திறக்கப்பட்ட சுரங்கம் ஹூரோன் ஏரியின் அடியில் பரந்து, நிலத்தடி உப்புச் சுரங்கங்களில் உலகிலேயே பெரியதாக வளர்ந்திருக்கிறது.

முன்னாளில் பனி வீதிகளில் மணலும் சாம்பலுமே தூவப்பட்டன. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1941இல் உப்பிடுவதைப் பொது வழக்கமாக்கியது. 1941-42 பனிக்காலத்தில் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் தூவப்பட்ட உப்பு 5,000 தொன் எனக் கூறப்படுகிறது. போர் முடிந்தபின் நெடுஞ்சாலைகளும் கார்களும் பெருகின. பனி பெய்தாலும் வேலைக்குப் போகவேண்டும், பாரவூர்தி ஓடவேண்டும் என்ற நிலை உருவாயிற்று. 1990களின் இறுதியில் கனடா மட்டுமே ஆண்டுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் தொன் வீதி உப்பைப் பயன்படுத்தியதாக 2001இல் வெளியான அரச மதிப்பீடு கூறியது. நீர்நிலைகளுக்கும் செடிகொடிகளுக்கும் அது கேடு விளைவிப்பதாகவும் அம்மதிப்பீடு முடிவு செய்தது.

உப்பு நீரின் உறைநிலையைக் குறைக்கிறது. அதனால் பனி உருகுகிறது. ஆனால் உப்புநீர் மின்னோட்டத்தை எளிதாகக் கடத்துவது. இரும்பு கறள் பிடிப்பதும் ஒருவகை மின்வேதி மாற்றமே என்பதால், உப்புநீர் பட்ட இரும்பு பன்மடங்கு வேகமாக அழிகிறது. கடுங்குளிரில் இம்மாற்றம் மந்தமாக நடக்கும். பனி உருகும் நாட்களிலும், வெப்பமூட்டிய கராஜிலும் அது விரைவடையும். சோடியம் உப்புடன் கல்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துத் தெளிக்கும் முறை பின்னர் பரவியது. இவை காற்றின் ஈரத்தை இழுத்து, காரின் அடிப்பகுதியை எப்போதும் நனைத்தே வைத்திருக்கும். குழாயைப் பிடித்திருக்கும் கொளுக்கிகளின் உட்புறத்தில் சேறும் உப்பும் தங்கும். முதலில் ஓட்டை விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஆகவே வீதியில் உயிர்காக்க வந்த உப்பும், காரில் உயிர்காக்க வந்த குழாயும் ஒன்றையொன்று சந்தித்தன. குழாய் தோற்றது.

மாற்று வழி தேடியோர்

அபாயத்தை உணர்ந்தவர்கள் இரு வழிகளில் விடை தேடினர். ஒன்று, பிறேக்கை இரு தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பது. ஒரு குழாய் உடைந்தாலும் மற்றப் பகுதியிலுள்ள சில்லுகள் பிடிக்கும். 1962இல் கடிலாக் கார்களில் வந்த இவ்வமைப்பு, 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாப் பயணிகள் கார்களுக்கும் சட்டக் கட்டாயமாயிற்று. அன்றிரவு எங்கள் நால்வரின் உயிரைக் காத்தது இதுவே. மிதி தரைக்குப் போனபோதும் முன்சில்லுகள் ஓரளவு பிடித்தன.

மற்றது, குழாயின் உலோகத்தையே மாற்றுவது. பனி நாடான சுவீடனின் வொல்வோ நிறுவனம் 1976இல் செம்பும் நிக்கலும் கலந்த குழாய்க்கு மாறியது. ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு செம்பும் ஒரு பங்கு நிக்கலும் கொண்ட இக்கலவை, கடல்நீரைக் கொண்டு செல்லும் கப்பற் குழாய்களில் முன்பே தேர்ந்தது. உப்பு அதனை அரிப்பதில்லை. ஆயினும் விலை கூடியது என்பதால் பெரும்பாலான நிறுவனங்கள் உருக்குக் குழாயுடனேயே நின்று, அதன்மேல் பூச்சுகளை மட்டும் காலத்துக்குக் காலம் திருத்தின.

முடிவு என்னவாயிற்று? 1999 முதல் 2003 வரையான சில பாரவூர்திகளில் குழாய் கறள்பிடித்து உடைவதாக எழுந்த முறைப்பாடுகளை, அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2010 முதல் ஆராய்ந்தது. 2015 ஏப்ரலில், இது ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரிய உற்பத்திக் குறையன்று, உப்பிடும் மாநிலங்களில் பழைய வாகனங்கள் பலவற்றுக்கும் நேரும் தேய்வு எனக் கூறி ஆய்வை முடித்தது. உரிமையாளர்கள் காரின் அடியைக் கழுவவேண்டும், குழாயைச் சோதிக்கவேண்டும், செதில் உதிரும் கறள் கண்டால் முழுத் தொகுதியையும் மாற்றவேண்டும் என்று அறிவுரை வழங்கியது. புதுக் கார் வாங்கியவர் ஐந்தாண்டில் அதனை விற்றுவிடுவார். அறிவுரையும் செலவும் ஆபத்தும் மூன்றாம் கையாக வாங்குபவரையே சேர்கின்றன. அகதியாக வந்து, முதற் சம்பளத்தில் கார் வாங்கிய எம்மவர் எத்தனை பேர் அந்த மூன்றாம் கையாக இருந்தனர் என்பதை வாசகர்கள் அறிவர்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். பழைய காரைப் பற்றிய எமது அறிவு யாழ்ப்பாணத்தில் பெற்றது. 1950களில் வந்த ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்றவை அங்கே தலைமுறை கடந்து ஓடின. 1990இன் பின் எரிபொருள் தடை இருந்த காலத்தில், சிறிதளவு பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அங்கே காரின் ஆயுளை எஞ்சின் தீர்மானித்தது. ஆகையால் எஞ்சின் ஒலியைக் கேட்டே கார் வாங்கப் பழகினோம். இங்கே காரின் ஆயுளை அது கடந்த பனிக்காலங்களே தீர்மானிக்கின்றன. அந்தப் பழைய அறிவு இங்கே எம்மைக் காக்காது.

வீட்டில் திருத்துவோர் கவனத்துக்கு

அந்த அண்ணர் எங்கள் வீட்டு முற்றத்திலேயே இரண்டு நாளில் குழாய்களை மாற்றினார். அவர் செய்த முறை இன்றும் பொருந்தும்.

சமதரையில், சில்லுகளுக்கு அடை வைத்து, உறுதியான தாங்கிகளில் காரை நிறுத்தினார். ஜாக்கியை மட்டும் நம்பி அவர் ஒருபோதும் கீழே புகுந்ததில்லை. கறள் பிடித்த நட்டுகளுக்கு முதல்நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டார். நட்டைச் சுற்றிப் பற்றும் பிறேக் ஸ்பனரையே பயன்படுத்தினார். அசையாத நட்டுக்கு அருகில் குழாயை வெட்டி, சொக்கற்றால் கழற்றினார்.

உடைந்த துண்டை மட்டும் மாற்றி, அமுக்கிப் பிடிக்கும் நீர்க்குழாய்ப் பொருத்துகளால் இணைக்கலாமே என்றேன். அவர் கடுமையாக மறுத்தார். அவை இந்த அழுத்தத்துக்கு உரியவை அல்ல. இறப்பர்க் குழாயும் இறுக்கு வளையமும், வீட்டு வேலைக்கான வெறுஞ் செப்புக் குழாயும் அவ்வாறே விலக்கத்தக்கவை. ஓரிடம் உடைந்தால் மற்ற இடங்களும் அதே வயதுடையவை என்பதால், மூட்டுக்கு மூட்டு முழுக் குழாயையும் மாற்றுவதே முறை. செப்பு-நிக்கல் பிறேக் குழாய் இன்று உதிரிப்பாகக் கடைகளில் சுருளாகக் கிடைக்கிறது. கையாலேயே வளைக்கலாம். பழைய குழாயை அளவாக வைத்து வளைத்து, நட்டை முதலில் கோத்துவிட்டு, அதன்பின்பே முனையை உரிய கருவியால் விரித்து உள்ளே மடிக்கவேண்டும். முனையின் வடிவம் இருவகைப்படும். அமெரிக்க, யப்பானியக் கார்களில் பெரும்பாலும் இரட்டை மடிப்பு. ஐரோப்பியக் கார்களில் குமிழ் வடிவம். ஒன்றுக்கு மற்றதைப் பொருத்தினால் கசியும்.

பூட்டி முடித்ததும், மூடியில் குறித்த வகை எண்ணெயை ஊற்றி, ஒருவர் மிதிக்க மற்றவர் ஒவ்வொரு சில்லிலும் காற்றை வெளியேற்றவேண்டும். எந்தச் சில்லில் தொடங்குவது என்பதை அக்காரின் கைந்நூல் கூறும். எண்ணெய்த் தொட்டி வற்ற விடக்கூடாது. பூட்டாப் பிறேக் தொகுதி உள்ள கார்கள் சிலவற்றுக்குக் கணினிக் கருவியும் தேவைப்படும். பின்னர் எஞ்சினை இயக்கி, மிதியை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த கடதாசியால் துடைத்துப் பார்க்கவேண்டும். ஒரு துளி ஈரம் இருந்தாலும் கார் வீதிக்கு இறங்கக்கூடாது. இவ்வேலையை முன்பு செய்து பழகாதவர், அறிந்த ஒருவரின் துணையுடன் செய்வதே அறிவுடைமை. இதில் மிச்சம் பிடிக்கும் நூறு டொலர் ஓர் உயிருக்கு ஈடாகாது.

திருத்தத் தெரியாதவரும் பார்க்கத் தெரிந்திருக்கலாம். பழைய கார் வாங்குமுன் ஒரு கைவிளக்குடன் குனிந்து குழாயைப் பாருங்கள். ஒன்ராறியோவில் கார் கைமாறும்போது தரப்படும் பாதுகாப்புச் சான்றிதழ், சோதித்த நாளின் நிலையையே கூறும். வரும் பனிக்காலங்களுக்கு அது பொறுப்பாகாது. பனிக்காலத்தில் இடையிடையேயும், முடிந்ததும் ஒருமுறையும் அடிப்பகுதியைக் கழுவுங்கள். எண்ணெய் மட்டம் குறைந்தாலோ, மிதி தாழ்ந்தாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ அன்றே காரை நிறுத்துங்கள்.

காரைத் திருத்தி முடித்த அண்ணர் கூலி வாங்க மறுத்துவிட்டார். அரித்துப்போன பழைய குழாயில் ஒரு சாண் நீளத்தை வெட்டி என் கையில் தந்தார். “இதை வீட்டிலை வைச்சிரு. அடுத்த கார் வாங்கேக்கை எடுத்துப் பார்” என்றார். அது இன்றும் என்னிடம் இருக்கிறது.