குரல்வளைக்குள் விழுந்த ஒளி

மூன்று வாரங்களைத் தாண்டி நீடிக்கும் குரல் கம்மலோடும் ஓயாத செருமலோடும் குரல்நாண்கள் சிவந்து தடிக்கும் நிலையே நாட்பட்ட குரல்வளை அழற்சி எனப்படுகிறது. ஓயாது பிரசங்கித்த பாதிரியார்களை இது அதிகம் வருத்தியதால் அவர்களின் பெயராலேயே ஒரு காலத்தில் இது வழங்கப்பட்டது. நியூயார்க் மருத்துவர் ஹொரேஸ் கிரீன், வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்த பஞ்சைக் குரல்வளைக்குள்ளேயே செலுத்தித் தடவியதாக 1840களில் அறிவித்தபோது, அது நடக்கக்கூடியதே அன்று எனச் சக மருத்துவர் பலர் மறுத்தனர். உள்ளே பார்க்க எளிய வழி எதுவும் இல்லாத காலத்தில் அந்த ஐயம் இயல்பானதே.

அவ்வழியைத் திறந்தவர் மருத்துவர் அல்லர், மானுவேல் கார்சியா என்னும் ஸ்பானியப் பாட்டுப் பயிற்சி ஆசிரியர். பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தொண்டையில் வைத்து, மற்றொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மீது திருப்பி, 1854இல் தம் குரல்நாண்கள் அசைவதைத் தாமே கண்டார். வியன்னா மருத்துவர் டுர்க்கும், அவரிடம் கண்ணாடிகளை இரவல் வாங்கிய உடலியங்கியலாளர் செர்மாக்கும் அதை மருத்துவக் கருவியாக்கினர். முதன்மை யாருடையது என்ற பூசலும் உடன் பிறந்தது.

கண்ணுக்குத் தெரிந்ததாலேயே நோய் விளங்கிவிடவில்லை. ஜெர்மன் இளவரசர் பிரெடரிக்கின் குரல் 1887இல் கம்மியபோது, நாணில் கண்ட முடிச்சு மின்சூட்டுக் கம்பியால் சுடப்பட்டது. எம்ஸ் மருத்துவ நீரூற்றுக்கும் அவர் அனுப்பப்பட்டார். லண்டன் மருத்துவர் மொரெல் மெக்கன்சி கிள்ளியெடுத்த திசுவில் புற்று இல்லை என நோயியலாளர் விர்ஹோ அறிவித்தார். பேரரசராகி 99 நாள்களில், 1888 ஜூன் 15 அன்று, பிரெடரிக் குரல்வளைப் புற்றால் இறந்தார்.