காப்பு

'கா' என்னும் ஓரெழுத்து வினையிலிருந்து கிளைத்த சொல் இது. காவலும் காப்பாளரும் அதே வேரில் வந்தவை. பாட்டி பேரக்குழந்தையின் கையில் வசம்பைக் கோத்துக் கட்டுகிறாளே, அதுவும் காப்பு. திருவிழாவுக்குக் கட்டும் மஞ்சள் கயிறும், நூலின் முதலில் வரும் வணக்கச் செய்யுளும் காப்புதான்.

பேரப்பிள்ளையைத் தங்களிடம் விடும்படி தாத்தா பாட்டி நீதிமன்றம் போகும்போது, செய்தித்தாள்கள் சில சமயம் 'காவல்' என்று எழுதிவிடுகின்றன. கைதிக்கு அது பொருந்தும். பிள்ளைக்குக் 'காப்பு' என்றே எழுத வேண்டும் என்பேன். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13ஆம் பிரிவும் பிள்ளையின் நலனையே எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறது. உரிமை யாருக்கு என்பது அதற்குப் பிறகுதான்.

அகமதாபாத்தில் கொரோனாவுக்குத் தாய் தந்தை இருவரையும் பறிகொடுத்த சிறுவனைக் குஜராத் உயர்நீதிமன்றம் தாயின் சகோதரியிடம் ஒப்படைத்தது. 2022 ஜூனில் உச்சநீதிமன்றம் அதை மாற்றி, அவனை அப்பாவழித் தாத்தா பாட்டியிடம் கொடுத்தது. வயதும் வருமானமும் மட்டுமே அளவுகோல் ஆகிவிடாது, பேரன்மேல் அவர்களுக்குள்ள பாசம் பெரிது என்று சொல்லியே கொடுத்தது.