தயிர்சோத்துப் பூனையும் பச்சைக்கறி டாக்டரும்

கோம்பைன்னாலே எல்லாரும் நாயைத்தான் விசாரிக்கிறாங்க. கருத்த மூஞ்சி, வேட்டை, காவல்னு அதுக்குத் தனிப் பெருமை. பூனைக்கு யாரும் வரலாறு எழுதல. தயிர்சோறு, மீன் தலை, கறிக்கடை ஓரத்துல கிடைக்கிற சவ்வு, இதுதான் அதோட சாப்பாடுன்னு நினைச்சுக்கிட்டோம். ராத்திரி அது பிடிச்சுத் தின்ன எலியைக் கணக்குலயே சேர்க்கல. ஈரல், இதயம், எலும்பு எல்லாம் அடங்கின முழுச் சாப்பாடு அதுதான். தயிர்சோறு சும்மா தொட்டுக்க :-)

இப்ப வீட்டுக்குள்ளயே வளர்ற பூனைக்கு எலி ஏது? வாந்தி, பேதின்னா உடனே "பச்சைக்கறி குடுங்க, அதான் இயற்கை"ன்னு ஒருத்தர் சொல்வார். இந்தப் பேச்சுக்குப் பின்னாடி ஒரு அமெரிக்க டாக்டர் இருக்கார்.

பேரு பிரான்சிஸ் பாட்டெஞ்சர். கலிபோர்னியாவுல மன்ரோவியாங்கிற ஊர்ல காசநோய் வைத்தியம் பார்த்தவர். அட்ரினல் சுரப்பிச் சாறோட வீரியத்தை அளக்க, அந்தச் சுரப்பியை வெட்டியெடுத்த பூனைகளை வச்சிருந்தார் (கொடுமைதான்). சமையல்கட்டுல மிஞ்சின வெந்த கறி, பால், மீன் எண்ணெய் போட்டார். நிறைய பூனைங்க ஆபரேஷன் தாங்கல. பூனைங்க பெருகி மிச்சக்கறி பத்தாமப் போகவும், இறைச்சி ஆலைலேர்ந்து பச்சைக் கழிவு வாங்கினாங்க. அதைத் தின்ன கூட்டம் தேறிடுச்சு! உடனே 1932லேர்ந்து 1942 வரை சுமார் 900 பூனைகளை வச்சுப் பார்த்தார். வெந்த கறி தின்ன வம்சம் மூணு தலைமுறை தாண்டலன்னு எழுதினார்.

ஏன்னு அவருக்குப் பிடிபடல. இன்னிக்கு பெரும்பாலும் சொல்ற காரணம் டாரின். 1827லயே எருதோட பித்தநீர்ல கண்டெடுத்த பொருள்தான் அது. பூனை உடம்பு தேவைக்கு அதைச் செஞ்சுக்காது. அது இல்லாத தீனியால பூனைக்குக் கண்ணு போகும்னு 1975ல கண்டுபிடிச்சாங்க. 1987ல கலிபோர்னியாவோட டேவிஸ் பல்கலைக்கழகத்துல பால் பியான் குழு, இதயம் வீங்கின பூனைகளுக்கு டாரின் குடுத்துத் தேத்தினாங்க. அதுங்க தின்னது கம்பெனித் தீனி! அதுக்கப்புறம்தான் கம்பெனிக்காரங்க டாரினைக் கூட்டினாங்க.

விஷயம் என்னன்னா, டாரின் தண்ணியில கரையும். கறியை வேகவச்சுத் தண்ணியைக் கொட்டினா அதுவும் போச்சு. ஆக குத்தம் நெருப்பு மேல இல்ல, கொட்டின தண்ணி மேல.

பச்சைக்கறியில வேற வில்லங்கமும் இருக்கு. 2024 கடைசியில நாக்பூர் கோரேவாடாவுல 3 புலியும் 1 சிறுத்தையும் பறவைக்காய்ச்சல்ல செத்துச்சு, தீனியா போட்ட கோழி மேலதான் சந்தேகம். புலிக்கே அந்தக் கதின்னா வயிறு சரியில்லாத பூனைக்கு?

என் கட்சி இது: கோழி தொடைக்கறியும் இதயமும் எடுத்து, கொழுப்பை நீக்கி, லேசா வேகவச்சு, அந்தத் தண்ணியோடயே குடுங்க. நெஞ்சுக்கறியை விட இதுல டாரின் அதிகம். ஒரு சமயத்துல ஒரே கறி. பழைய சாப்பாட்டோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து ஒரு வாரத்துல மாத்துங்க. ஈரல் துளியூண்டு போதும், மிஞ்சினா பேதிதான். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. பாலும் வேணாம். கறி மட்டுமே மாசக்கணக்குல போட்டா கால்சியம் பத்தாது, அதை டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க. ஒரு நாள் முழுக்க எதையும் தொடாம சுருண்டு படுத்திருந்தா கறிக்கடைப் பக்கம் போகாதீங்க, நேரா கால்நடை ஆஸ்பத்திரிதான்.