துவரும் விரையும்: பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்து நீராட்டு மரபு

தமிழர் மேனி பேணிய வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் சாந்து, சுண்ணம், அகிற்புகை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றை அணிகலன்களோடு சேர்த்து வைத்து முடிப்பர். மனைவி மக்களோடு ஆற்றுக்கும் சுனைக்கும் சென்று மகிழ்ந்ததை எழுதுவோர் அதனை விழாக்களின் பகுதியில் வைப்பர். இவ்விரண்டும் மக்கள் வாழ்வில் ஒரே செயலாய் இருந்தன என்பதும், நீராட்டு என்னும் ஒரு சொல்லே அதற்குப் போதியதாய் இருந்தது என்பதும் இப்பகுப்பினால் மறைந்தன. அன்றியும், நூல்களில் விளங்கக் காணும் நீராட்டுச் செல்வர்தம் நீராட்டே. எளிய குடியினர் எதனைப் பூசிக் குளித்தனர், குழந்தைகளை எங்கே அழைத்துச் சென்றனர் என்னும் வினாக்களுக்கு விடை தேடுவார் அருகினர். தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதியை நிலைக்களனாகக் கொண்டு இவ்வினாக்களை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பாப்பிரெட்டிப்பட்டி, சேர்வராயன் மலையின் வடபுற அடிவாரத்தை ஒட்டிய ஊர். அம்மலையில் தோன்றும் வாணியாறு இப்பகுதியைக் கடந்து தென்பெண்ணையிற் கலக்கின்றது. கிழக்கே சித்தேரி மலைத்தொடர் உள்ளது. 1965 அக்டோபர் 2ஆம் நாள் தருமபுரி தனி மாவட்டம் ஆகும்வரை இந்நிலம் சேலம் மாவட்டத்தின் பகுதியாய் இருந்தது. பண்டு தகடூர் எனப் பெயர் பெற்ற நாட்டைச் சார்ந்தது. மழை குறைந்த நிலமேயாயினும் மலையடிவாரத்தில் மஞ்சளும் கரும்பும் விளைகின்றன. மேலே உள்ள காடுகள் கோடையில் இலை உதிர்க்கும் இயல்பின. கடுக்காய், நெல்லி, சீயக்காய் முதலியவற்றை மலைவாழ் மக்கள் அக்காடுகளினின்று எடுத்து வந்து கீழ்நாட்டுச் சந்தைகளில் விற்பது நெடுநாள் வழக்கம்.

இனி, நூற்சான்றுகளுள் முதன்மையானதை நோக்குவோம். சிலப்பதிகாரக் கடலாடு காதையில், ஊடியிருந்த கோவலனை மகிழ்விக்கும் பொருட்டு மாதவி நீராடித் தன்னை ஒப்பனை செய்துகொள்கின்றாள். 10 வகைத் துவரும், 5 வகை விரையும், 32 வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் அவள் நீராடினாள் என்பது இளங்கோவடிகள் தரும் செய்தி. அதன்பின்னரே அவன் அத்திரியிலும் அவள் வையத்திலும் ஏறிக் கடற்கரைக்குச் செல்கின்றனர். அத்துவர் முதலியன யாவை என்பதை அறிய நமக்குத் துணைபுரிவது, டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்து வெளியிட்ட அடியார்க்குநல்லார் உரை. கொங்குநாட்டு நிரம்பை என்னும் ஊரோடு இவ்வுரையாசிரியரைத் தொடர்புபடுத்துவர். அங்ஙனமாயின் மேற்குத் தமிழ்நாட்டு மலைவளத்தை நேரில் அறிந்தவர் அவர் எனலாம்.

அவ்வுரையில் காணும் 10 துவராவன: பூவந்தி, திரிபலையாகிய கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய், கருங்காலி, நாவல், நாற்பால் மரமாகிய ஆல், அரசு, அத்தி, இத்தி. இப்பட்டியலைப் புகார்ச் செல்வத்தின் பட்டியலாகவே கொண்டு படித்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. ஆயின், ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே எண்ணிப் பார்ப்பார்க்கு வேறொன்று புலனாகும். இவற்றுள் கடல் கடந்து வந்த பொருள் ஒன்றுமில்லை. கடுக்காயும் தான்றியும் நெல்லியும் சேர்வராயன், சித்தேரி போன்ற மலைக்காடுகளின் மரங்கள். ஆலும் அரசும் ஊர்தோறும் நிற்பன. அத்தியும் நாவலும் ஓடைக்கரை மரங்கள். கருங்காலி என்னும் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்களுக்கு வழங்குமாயினும், துவர்ப்பொருளாதற்கு ஏற்றது காசுக்கட்டி எடுக்கப்படும் மரமே என்பது எம் கருத்து. பட்டியலின் தலையில் நிற்கும் பூவந்தியோ நாம் பூந்திக்கொட்டை என வழங்கும் காய். நீரில் இட்டுக் கசக்கினால் நுரைத்து அழுக்கை நீக்குவது. ஆகவே, முதற்பொருள் அழுக்கை நீக்க, ஏனைய 9 பொருள்களும் தோலை இறுக்கிப் புண்ணையும் கசிவையும் ஆற்றுவன. துவர்ப்புச் சுவைக்குக் காரணமான சத்து தோலிலுள்ள புரதத்தோடு பிணைந்து அதனைச் சுருக்கும் என்பது இற்றை வேதியியல் முடிபு. தோல் பதனிடுவார் கடுக்காயைப் பயன்படுத்துவதும் இக்காரணம் பற்றியே.

விரைகளின் நிலை வேறு. கொட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்னும் ஐந்தனுள் கொட்டம் இமயச் சாரலினின்று வருவது. துருக்கம் என்னும் பெயரே வேற்றுநாட்டுத் தொடர்பைக் காட்டும். ஆரமாகிய சந்தனம் ஒன்றே நம் பக்கத்து மலைகளில் ஐயமின்றி வளர்வது; ஆயின் அது வளர்ந்த நாட்டிலும் எளியோர் கைக்கு எட்டியதில்லை. அண்டையிலுள்ள மைசூரில் சந்தனமரம் அரசுடைமையாகவே காக்கப்பட்டு வந்தது. ஓமாலிகை 32இல் நன்னாரி, நெல்லி, தான்றி போன்ற எளிய பொருள்களும், கத்தூரி, இலவங்கம், தக்கோலம் போன்ற அரிய பொருள்களும் விரவிக் கிடக்கின்றன.

இதனால் யாம் கொள்ளும் முடிபு இது: மாதவியின் நீராட்டு ஒரே பொருளன்று, இரு அடுக்குகளை உடையது. அடியில் இருப்பது துவர். அது காட்டினின்றும் வேலியினின்றும் கிடைப்பது, தோலுக்கு நலம் செய்வது, எல்லார்க்கும் உரியது. அதன்மேல் ஏற்றப்பட்டது விரை. அது வாணிகத்தால் வருவது, மணம் தருவது, செல்வர்க்கு உரியது. புகாரின் பரத்தையர் வீதியில் துவர் புதிதாகத் தோன்றியிருத்தல் இயலாது. எளிய குடியினர் நீராட்டிலிருந்த துவரின்மேல் செல்வர் விரையைச் சேர்த்தனர் என்று கொள்வதே பொருந்தும்.

இது வெறும் ஊகம் அன்று என்பதற்குப் பெரியாழ்வார் திருமொழி சான்றாகின்றது. கண்ணனை நீராட வருமாறு அசோதை அழைப்பதாக அமைந்த பதிகத்தில், ஆயர்குடித் தாய் ஒருத்தி தன் மகனுக்கு எடுத்து வைத்த பொருள்கள் இன்னவை என அறிகின்றோம். தேய்க்க எண்ணெய், அவ்வெண்ணெய்ப் பசையைப் போக்கப் புளிப்பழம், நெல்லி இட்டுக் கொப்பரையில் காய்ச்சிய நீர், மஞ்சள். சாந்தும் மாலையும் அஞ்சனமும் குளித்தபின் அணிதற்கு. ஓடி ஒளியும் பிள்ளையை வயப்படுத்தச் சிற்றுண்டியும் உண்டு. 9ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் இப்பதிகத்தில் நெல்லி என்னும் துவர் உளது. கொட்டமும் துருக்கமும் இல. தாயர் பாடும் பாடலாயின் துவர், பரத்தையின் ஒப்பனையாயின் துவரும் விரையும் என்னும் வேறுபாடு தெளிவாகவே தெரிகின்றது.

ஈண்டு ஒன்று குறிக்கத்தக்கது. கடுக்காயை அரைத்துப் பூசுவதும், நெல்லியை நீரில் இட்டுக் காய்ச்சி அந்நீரை வார்ப்பதும் ஒன்றல்ல. பின்னது மிக மெல்லிய துவர். கைக்குழந்தையின் தோல் பெரியோர் தோலினும் மெல்லியது. வலிய துவரையும் காரத்தையும் பொறாதது. இயற்கைப்பொருள் எதுவாயினும் குழந்தைக்குத் தீங்கு செய்யாது என்று இந்நாளில் பலர் கூறுவர். அசோதையின் கொப்பரையை உற்று நோக்கியவர் அங்ஙனம் கூறார். கால்நீட்டி அமர்ந்து, காலின்மேல் குழந்தையைக் கிடத்தி எண்ணெய் தேய்த்து நீர் வார்க்கும் பாட்டிமார் பதம் அறிந்தே பொருள் கொண்டனர்.

நெல்லியைச் சொல்லும்போது தகடூரை நினையாதிருத்தல் அரிது. அதியமான் நெடுமான் அஞ்சி அரிய மலையுச்சியில் பெற்ற நெல்லிக்கனியைத் தானுண்ணாது ஔவைக்கு ஈந்தமை புறநானூற்றால் அறியப்படும். அக்கனியை வியத்தகு மருந்தாக மட்டும் கண்டு நின்றுவிடுகின்றோம். அஃது இம்மலைகளில் விளையும் கனி, இந்நாட்டார் மருந்தும் முழுக்குப் பொருளுமாகக் கொண்ட கனி என்பதையும் சேர்த்து எண்ணின் அச்செய்யுளின் நிலப்பின்னணி மேலும் துலங்கும்.

மஞ்சளைப் பற்றிப் பெரிதும் மயக்கம் நிலவுகின்றது. பாப்பிரெட்டிப்பட்டி வயல்களில் இன்று கண்ணைக் கவரும் பயிர் மஞ்சளே ஆதலின், பண்டு தொட்டே மகளிர் மேனியில் மஞ்சள் பூசினர் என உடனே கூறிவிடத் தோன்றும். சங்கப் பாட்டுகளில் மஞ்சள் பயிராகவும் பண்டமாகவும் வருகின்றது. சிறுபாணாற்றுப்படையில் உறங்கும் எருமையின் முதுகை மஞ்சள் இலை வருடுகின்றது; மதுரைக்காஞ்சியில் இஞ்சியோடு சேர்த்து எண்ணப்படுகின்றது. ஆயின், 10 துவருள் மஞ்சள் இல்லை. 5 விரையுள்ளும் இல்லை. திருமஞ்சனம் என்னும் கோயில் வழக்கைக் காட்டி, மஞ்சள் நீராட்டின் தொன்மையை நிறுவ முயல்வாரும் உளர். மஞ்சனம் மஞ்சளினின்று பிறந்த சொல்லன்று. மூழ்குதல் எனப் பொருள்படும் மஜ்ஜனம் என்னும் வடசொல்லின் திரிபு. ஒலியொப்புமையால் பிற்காலத்து மக்கள் இரண்டையும் இணைத்துக்கொண்டனர் போலும். அசோதையின் பதிகத்தில் மஞ்சனமும் மஞ்சளும் அடுத்தடுத்து வருவது இவ்விணைப்புக்கு எத்துணை வாய்ப்பான இடம் என்பதைக் காட்டும். இன்றுங்கூட வயலில் விளைந்து சந்தைக்குச் செல்வது கறிமஞ்சள்; மேனிக்குச் சிறந்ததாகப் பெண்டிர் தேர்வது கஸ்தூரி மஞ்சள். இவை வெவ்வேறு செடிகள்.

ஆவாரையும் இவ்வகையிலேயே சிந்திக்கத்தக்கது. தருமபுரித் தரிசுகளில் மிகுதியாகப் பூத்துக் கிடப்பது, பூவை உலர்த்தி முழுக்குமாவில் சேர்ப்பது, பட்டை துவர்ப்பது. ஆயினும் 10 துவருள் இடம்பெறவில்லை. மடலேறுவான் சூடிய பூ என்னும் இகழ்ச்சி அதனை ஒப்பனைப் பட்டியலினின்று விலக்கியிருக்குமோ என்று ஐயுறுகின்றோம். துணிதற்குச் சான்று போதாது.

இனி, நீராட்டின் மற்றொரு கூறாகிய குடும்பச் செலவைக் காண்போம். மாதவி வீட்டிலேயே நீராடிப் பின்னர்க் கடற்கரைக்குச் சென்றாள். எளியோர்க்கோ நீராட்டும் செலவும் ஒன்றே. பட்டினப்பாலையில், மீன்பிடிக்கச் செல்லாத முழுமதி நாளில் பரதவர் தம் மகளிரோடு ஓய்ந்திருந்து ஆடுகின்றனர். கடலில் ஆடியவர் உப்பும் மணலும் நீங்க மீண்டும் ஆற்றின் நன்னீரில் படிகின்றனர். நண்டை ஓட்டியும் அலையை மிதித்தும் மணலிற் பாவை செய்தும் பொழுது போக்குகின்றனர். கடல்நீரில் ஆடியபின் நன்னீரில் தோலைக் கழுவவேண்டும் என்னும் அறிவு இந்நாளைய மருத்துவர் கூற்றுக்கு இயைந்ததே. மதுரைக்காஞ்சியிலோ, இளமக்களைத் தழுவி, தவறிப்போகாதபடி காத்து, பூவும் புகையும் ஏந்திப் பள்ளிக்குச் செல்லும் மகளிரைக் காண்கின்றோம். குழந்தைகளோடு வெளிச்செல்லுதலின் இன்பத்தையும் கவலையையும் ஒருங்கே காட்டும் பழைய ஓவியம் இதுவே.

பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதியார்க்கு அத்தகைய நாள் ஆடி 18. அன்று தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமன் தீர்த்தத்தில் மூழ்கி, அரூர்க்கு அருகிலுள்ள தீர்த்தமலை ஏறித் தீர்த்தகிரீசுவரரை வணங்குவர். கட்டுச்சோறும் குழந்தைகளும் உடன்செல்லும். மலைமேல் இராம தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என 5 சுனைநீர்கள் உள. வழங்கும் கதை வருமாறு: வழிபாட்டுக்குக் கங்கைநீர் கொணர இராமன் அனுமனை ஏவினான், அவன் வரக் காலம் தாழ்த்தமையின் அம்பெய்து பாறையினின்றே நீரை வருவித்தான், பின்னர் வந்த அனுமன் வெகுண்டு எறிந்த கங்கைநீர் பெண்ணைக்கரையில் விழுந்தது. தொலைவிலிருந்து கொணர்ந்த நீரினும் மலையின் நீரே வழிபாட்டுக்கு முந்திற்று என்பது கதையின் கரு. விரையினும் துவர் முந்தியது எனக் கண்ட நமக்கு இக்கதை சுவை பயப்பதாகும்.

ஆடிப்பெருக்குப் பெண்ணையாற்றுக்கு உரிய இயல்பான நாளன்று என்பதை வரலாற்றாசிரியர் மறத்தலாகாது. தென்மேற்குப் பருவமழையால் ஆடியில் பெருகுவது காவிரி. நந்திமலைப் பகுதியில் தோன்றும் பெண்ணையோ பெரும்பாலும் அதற்குப் பிந்தியே பெருகும். ஆகவே காவிரிக்கரையின் விழா கிழக்கு நோக்கி வந்து இவ்வாற்றிலும் குடிகொண்டது எனல் பொருந்தும். அன்றியும், 1957 முதல் கிருஷ்ணகிரிக்கு அருகிலுள்ள அணை இவ்வாற்றுநீரைத் தேக்குகின்றது. நீர் குறைந்த ஆண்டுகளில் மூழ்குதற்கு வந்தோர் தலையில் தெளித்துக்கொண்டு மீள்வதே நிகழ்கின்றது.

துவரின் நிலையும் இத்தகையதே. பெங்களூரில் மைசூர் அரசு 1916இல் சந்தனச் சோப்புத் தொழிற்சாலையை நிறுவியது. அரசர்க்கும் கோயிலுக்கும் உரியதாய் இருந்த ஆரத்தின் மணம் இதன்பின் சிறுகட்டியாகி நாட்டுப்புறக் கடைகளையும் அடைந்தது. எட்டாதிருந்த விரை எளிதாயிற்று. எளிதாயிருந்த துவர் வீட்டைவிட்டு நீங்கிற்று. கடுக்காயும் பூந்திக்கொட்டையும் அறிந்த மூதாட்டியர் மலையூர்களில் இன்னும் உளர். அவர்கள் வழங்கும் பெயர்கள், சேர்க்கும் அளவுகள், குழந்தைக்கு இன்னது ஆகாது என விலக்கும் முறை ஆகியன அச்சேறவில்லை. அடியார்க்குநல்லார் பட்டியலை வகுப்பறையில் விளக்குவோர் அவற்றைச் சேர்வராயன் அடிவாரத்திலும் சித்தேரியிலும் கேட்டு எழுதுதல் வேண்டும். முதுநிலை மாணவர்க்குப் பூவந்தி என்னும் ஒரு சொல்லே ஓர் ஆண்டு ஆய்வுக்குப் போதியது.

எண்ணெய் முழுக்கு மட்டும் பொதுவிடத்தில் நின்று நிலவுகின்றது. காவிரி அருவியாய் விழும் ஒகேனக்கல்லில் பாறைகளின்மேல் அமர்த்தி எண்ணெய் தேய்த்துவிடுவதைத் தொழிலாக உடையார் உளர். கன்னடத்தில் புகைக்கல் எனப் பொருள்படும் பெயருடைய அவ்விடத்துக்குத் தருமபுரி, அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் குடும்பங்கள் குழந்தைகளோடு செல்கின்றன. ஆடவர் எண்ணெய் பூசி நெடுநேரம் பாறையில் இருந்தபின் அருவியில் நிற்பர். சிறுவர் ஆழமில்லாத ஓடையில் ஆடுவர். பரிசலில் செல்வாரும் உண்டு. எண்ணெய்ப் பசை நீக்கப் புளிப்பழமோ பூந்தியோ அங்கு இல்லை. அருவிக்குப் போகும் வழியிலுள்ள கடைகளில் தொங்குவன சிறு பொதிகளில் அடைத்த சீயக்காய்த் தூளும் ஷாம்புவுமே.