நொய்யல் கரைப் படிகமும் சமையல் மேடைக் கல்லும்

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில், கொடுமணல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இதுவே என்பது அறிஞர் பலரின் முடிபு. 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில், மணிகள் மட்டுமின்றி, பாதி உருட்டியவையும், துளையிடும்போது உடைந்தவையும், செதுக்கிக் கழித்த சில்லுகளுமாகப் படிகமும் செவ்வந்திக்கல்லும் கிடைத்தபடியால், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லைத் தேய்த்து ஒளியேற்றும் வித்தை இப்பிரதேசத்தில் ஒரு முழுத் தொழிலாகவே நடந்தது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. காங்கயத்தை அடுத்த படியூரில் கிடைத்த கடல்நீல நிறப் பெரில் கல்லும் அந்தப் பட்டறைகளின் பொருளே.

படிகம் என்று நூல்கள் சொல்லும் அதே பொருள்தான், தெளிவு குன்றிய வடிவில், நம் செம்மண் காடுகளில் வெங்கச்சாங்கல்லாகச் சிதறிக் கிடக்கிறது; இருட்டில் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று உரசி உள்ளே வெளிச்சம் மின்னுவதைப் பார்க்காமல் வளர்ந்த கொங்குப் பிள்ளைகள் குறைவு. குவார்ட்ஸ் என்று இன்று மேடைக்கல் கடைக்காரர் விற்கும் பலகையின் பெரும்பங்கும் இந்தக் கனிமம்தான்.

ஆனால் சமையலறைக்குள் வெங்கச்சாங்கல் நுழைந்ததில்லை. அந்த ஸ்தானம் கருங்கல்லுக்கே உரியதாயிருந்தது. தாழ்வாரத்து மூலையில் பதித்த ஆட்டாங்கல்லும், அதனருகில் அம்மியும், ராகி திரிக்கத் திருகையும், கம்பு இடிக்க உரலும் என்று ஒரு குடும்பத்தின் உணவு முழுவதும் கல்லின் வழியாகவே நடந்தது. எங்கள் அமுச்சி (தாயின் தாய்) ஒரு காலை மடித்து மறு காலை நீட்டி அமர்ந்து, வலக்கையால் குழவியைச் சுழற்றியபடியே இடக்கையால் மாவைத் தள்ளிக்கொண்டிருந்த தோற்றம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. கல் தேய்ந்து வழவழப்பானால் அரைபடாது. ஆகையால் உளியும் சுத்தியுமாக “அம்மி கொத்தலையா” என்று தெருவில் குரல் கொடுத்து வருபவரை எதிர்பார்த்திருப்பார்கள். அக்காலத்தில் சமையலறைக் கல்லுக்கு வழவழப்பு ஒரு குறை; சொரசொரப்பே அதன் குணம். இன்று கடையில் கல்லைத் தடவிப் பார்த்து வாங்குகிற நாம் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதை இதைக் கொண்டே அளந்துவிடலாம்.

சமையலறைக் கல்லின் அந்த மாறுதல் கோயம்புத்தூரிலேயே தொடங்கியது நம் ஊருக்குப் பெருமை. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்தது, 1937ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். வார்ப்படப் பட்டறைகள் பெருகின. இவையெல்லாம் கூடிய ஊரில், 1955ல் பி. சபாபதி என்பவர் மோட்டாரையும் ஆட்டுக்கல்லையும் இணைத்து முதல் வெட் கிரைண்டரைச் செய்தார். ஆட்டாங்கல்லில் கல் நிற்கும், குழவி சுழலும். கிரைண்டரிலோ குழவி நிற்க, கல் சுழன்றது. பல தலைமுறைப் பெண்களின் தோள்வலியைத் தீர்த்த இந்தத் தலைகீழ் மாற்றத்தை, நூற்பாலைகளுக்கு நிகரான சாதனையாகவே நான் மதிக்கிறேன். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் பின்னாளில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதற்கிடையே எரிவாயு அடுப்பு வந்தது. தரையில் அமர்ந்து சமைத்தவர்கள் எழுந்து நின்றார்கள். நிற்பவருக்கு மேடை வேண்டியிருந்தது. முதலில் ஆந்திரத்திலிருந்து கடப்பைக் கல் வந்தது. விலை மலிவுதான், ஆயினும் அது சுண்ணாம்புக்கல் வகையாதலால் புளியும் எலுமிச்சையும் பட்ட இடமெல்லாம் வெளிறிற்று. அதன்பின் வந்த கிரானைட் அமிலத்துக்கும் அஞ்சவில்லை, அடுப்பிலிருந்து இறக்கிய குக்கருக்கும் அஞ்சவில்லை.

வெள்ளை மேடை வேண்டும் என்ற ஆசை அதற்கும் பிறகு வந்தது. சலவைக்கல்லோ கடப்பைக்கல்லைப் போலவே புளிக்கு இளகுவது. போதாததற்கு நாம் வாழ்வது 2019ல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளின் நாட்டில். மஞ்சள் நீரை உறிஞ்சிய சலவைக்கல்லை எந்தச் சோப்பாலும் பழைய வெண்மைக்குக் கொண்டுவர முடியாது. அந்த இடைவெளியில்தான் சலவைக்கல்லின் சாம்பல் ரேகைகளைத் தன்மேல் வரைந்துகொண்டு செயற்கைக் குவார்ட்ஸ் பலகை வந்து நின்றது. இத்தாலியின் திரெவிசோப் பக்கத்தில் மார்செல்லோ தொன்செல்லி 1963ல் தொடங்கிய பிரெத்தோன் நிறுவனம் வகுத்த முறை அது: நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் குவார்ட்ஸ் பொடியும் துகளும், எஞ்சியது பிசினும் நிறமுமாகக் கலந்து, காற்றை உறிஞ்சி நீக்கிவிட்டு, அதிர்வோடு அழுத்தி, சூடேற்றி இறுக்குவது. கறை ஊறாது, புளிக்கு இளகாது. பிசின் மட்டும் சூட்டுக்கு ஆகாது. சுமார் 150 டிகிரிக்கு மேல் நிறம் மாறும், வெடிப்பும் காணலாம். கொள்ளு வெந்த குக்கரை நேரே இறக்கி வைக்கும் வீட்டில் அடுப்பைச் சுற்றிக் கிரானைட்டும், மற்ற இடத்தில் குவார்ட்ஸும் பதிப்பதே தக்கது என்பது என் அபிப்பிராயம்.

அழகையும் விலையையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இந்தப் பலகையை உலர்வாக அறுக்கையில் எழும் தூளில் சிலிக்கா மிகுதி. கிரானைட்டில் உள்ளதைப் போல் இருமடங்குக்கும் மேல். அதைச் சுவாசித்தவருக்கு வரும் சிலிக்கோசிஸ் நோயில் நுரையீரல் தழும்பேறி இறுகும். வந்தபின் அதைக் குணப்படுத்த மருந்தில்லை. இஸ்ரேலிலும் ஸ்பெயினிலும் கலிபோர்னியாவிலும் இளந்தொழிலாளர் பலர் இதற்கு இரையாயினர். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இப்பலகையின் தயாரிப்பையும் விற்பனையையும் பதிப்பையுமே தடைசெய்துவிட்டது. நம் ஊரிலோ புதுவீட்டு வாசலில், முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, வெண்புழுதிக்குள் நின்று அறுக்கும் இளைஞரை எவரும் காணலாம்.

ஆகையால் மேடைக்குக் குவார்ட்ஸ் வாங்குவோரிடம் என் வேண்டுகோள் இது: அளவை முன்கூட்டியே கொடுத்து, நீர் பாய்ச்சி அறுக்கும் பட்டறையிலேயே தொட்டிக்கான துளை வரை வெட்டி வாங்குங்கள், உங்கள் வாசலில் உலர்ந்த பலகைமேல் அறுவை இயந்திரம் வைக்க எவரையும் அனுமதிக்காதீர்கள்.