கொள்ளுப்பாட்டனாரின் கையெழுத்து

ஒரு குடும்பத்தின் வரலாறு பெரும்பாலும் இரண்டு இடங்களில் தங்கியிருக்கும். ஒன்று முதியோரின் நா. மற்றொன்று பழம் பெட்டியின் அடித்தட்டு. நம்மவர் முன்னதைப் போற்றிய அளவுக்குப் பின்னதைப் போற்றினாரில்லை.

1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்த பின்னர், தென்மாவட்டக் கடலோர ஊர்களிலிருந்து நம் குடும்பங்கள் சிலவும் பிழைப்பை நாடி இப்பக்கம் குடியேறின. பூவிருந்தவல்லி வரையுள்ள அத்தகைய இல்லங்களில், துணியில் சுற்றி உயரத்தில் வைத்த பழைய கிதாபுகளை நாம் கண்டிருக்கிறோம். யாருடையவை என்று வினவினால், “எங்கள் கொள்ளுப்பாட்டனாருடையவை, பெரிய ஆலிம்” என்பர். அவர் பாய்மரக் கப்பலில் இலங்கை சென்றதும், ஊர் வழக்கைத் தீர்த்துவைத்ததும் கதைகளாகத் தொடரும். ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாலோ, “அரபு, எங்களுக்குப் பொருள் தெரியாது” என்பதே விடை.

விரித்துப் பார்த்தால் அது பலவேளை அரபு மொழியன்று. அரபு எழுத்தில் எழுதிய தமிழ்! அர்வி என்றும் அரபுத்தமிழ் என்றும் வழங்குவது அதுவே. அரபியில் இல்லாத ட, ப, ள, ழ போன்ற ஒலிகளுக்காக, அரபு எழுத்துகளுக்கே புள்ளியும் குறியும் கூட்டி நம் முன்னோர் அமைத்துக்கொண்டனர். மார்க்கச் சட்டமும் மருத்துவமும் வீட்டுக் கடிதமும் இவ்வெழுத்தில் எழுதப்பட்டன. குர்ஆன் ஓதக் கற்ற பெண்மணிகள் இதனை எளிதில் படித்தனர்.

இமாமுல் அரூஸ் எனப் புகழ்பெற்ற கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களை எண்ணிப் பார்ப்போம். 1816-ல் காயல்பட்டினத்தில் பிறந்து, கீழக்கரையில் தைக்கா சாகிபு (ரஹ்) அவர்களிடம் பயின்று, ஆசானுக்கே மருமகனாராகி, 1898-ல் மறைந்தார்கள். ‘அரூஸ்’ என்னும் அரபுச் சொல் மணமகனைக் குறிக்கும். ஆக, பெயரிலேயே குடும்பக் கதையொன்று அடங்கியிருக்கிறது. அன்னாரைப் பற்றிய வாய்மொழிச் செய்திகள் தமிழகத்திலும் இலங்கையிலும் ஏராளம். ஆயினும், அகீதாவையும் ஷாஃபிஈ சட்டங்களையும் விளக்கும் ‘ஃபத்ஹுத் தய்யான்’ என்னும் அர்வி நூல் கைக்குக் கிட்டாதிருந்தால், அன்னாரின் கல்வியை எதைக் கொண்டு அளப்போம்? அந்நூல் 1963-ல் கொழும்பிலிருந்து ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அன்னாரின் வழித்தோன்றலாகிய தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள், இலங்கையிலும் தமிழகத்திலும் வளர்ந்த அரபு, அர்வி, பார்சி இலக்கியங்களை ஆராய்ந்து 1993-ல் ஆங்கிலத்தில் ஒரு பெருநூல் வெளியிட்டார்கள். குடும்ப நினைவு ஏட்டோடு சேர்ந்தபோதுதான் வரலாறாயிற்று.

இதனால் கதைகளைத் தள்ளிவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஹதீஸ் கலையார் மத்னை மட்டும் பாரார். அறிவித்தவர் வரிசையாகிய ஸனதையும் ஆராய்வர். அந்த ஒழுங்கை வீட்டுக் கதைக்கும் கொள்ளலாம். உம்மம்மா சொன்னார் என்பதோடு நில்லாமல், உம்மம்மாவுக்குச் சொன்னவர் யார், அவர் கண்டவரா கேட்டவரா என்று வினவிக் குறித்துக்கொள்ள வேண்டும். மகன் வழியாரும் மகள் வழியாரும் ஒருவரையொருவர் கலவாமல் ஒன்றையே சொன்னால், அச்செய்தி வலுப்பெறும்.

கணக்கிலும் கவனம் தேவை. கிதாபின் முன்தாளில் பிறப்பும் இறப்பும் ஹிஜ்ரி ஆண்டில் குறிக்கப்பட்டிருக்கும். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. ஹிஜ்ரிக் கணக்கில் 100 வயது, ஆங்கிலக் கணக்கில் 97 ஆகும். இமாமுல் அரூஸ் அவர்களின் 82 ஆண்டும் ஹிஜ்ரியில் 84 ஆகிவிடுகிறது. இரு தாள்களில் இரு வயது காணின், ஒன்றைப் பொய்யென்று ஒதுக்கிவிடலாகாது.

இனித் தாமதிக்க இடமில்லை. அர்வி படிக்கத் தெரிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். செல்லரித்த ஏட்டைக் காலில் படக்கூடாதென்று மரியாதையோடு கிணற்றில் இடுவோரும், மண்ணில் புதைப்போரும் உளர். மரியாதை நன்று, ஆனால் இடுமுன் ஒருமுறை படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு தாளையும் படமெடுத்து வையுங்கள். குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளைக்கு அர்வி எழுத்தைப் பழக்குவது கடினமன்று. ஒரு விடுமுறையே போதும். கொள்ளுப்பாட்டனாரைப் பற்றிப் பிறர் சொன்னதை இதுகாறும் கேட்டோம். அவர் நம் தாய்மொழியிலேயே எழுதி வைத்துச் சென்றதை அவர் பிள்ளைகளே படிக்கட்டும்.